முந்நூறு அடிக்கு அப்பால்

செப்டம்பர் 8

வண்டி வந்து சேர்ந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து லாரியில் கொண்டுவந்து பேரூராட்சி வாசலில் இறக்கினார்கள். ஒரு மாதம் மட்டும்தான் நம்மிடம் இருக்குமாம், பிறகு அடுத்த ஊருக்குப் போய்விடுமாம். ஸ்கிட் ஸ்டீர் என்று பெயர். ஆள் உட்கார ஓர் இரும்புக் கூண்டு, நான்கு சக்கரம், முன்னால் இரண்டு கை. அந்தக் கைகளில் மண் அள்ளும் தொட்டிக்குப் பதிலாகப் புல் வெட்டும் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். கட்டில் அகலத்துக்குத் தட்டையான இரும்புப் பெட்டி, அதற்கடியில் கனமான பிளேடுகள் சுழலும். கருவேலங்கன்றைக்கூட வெங்காயத்தாள் மாதிரி நறுக்கிவிடும் என்கிறார்கள். இறக்கிய கொஞ்ச நேரத்திலேயே ஊர் அதற்கு வெட்டுக்கிளி என்று பேர் வைத்துவிட்டது.

மருதங்குறிச்சிப் பேரூராட்சியில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்த ஒரே ஆள், சுகாதார மேற்பார்வையாளனாகிய இந்த அம்பலவாணன்தான். ஆகவே வெட்டுக்கிளிக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளரும் நானே. பளபளக்கும் மேலங்கி, விசில், சிவப்புக் கொடி மூன்றும் கொடுத்திருக்கிறார்கள். மேலங்கி வயிற்றுப் பக்கம் சற்று இறுக்கம். வீட்டில் போட்டுக் காட்டினேன். தொலைந்து போனால் தேடுவதற்கு வசதி என்றாள் கோமளம். என் மனைவி பாராட்டினால் இப்படித்தான் இருக்கும்.

இயந்திரத்தோடு வந்த கையேட்டில் எல்லாம் படமாகவே இருக்கிறது. பெட்டிக்கடியில் கையை விடாதே, சுழலும்போது பெட்டியைத் தூக்காதே, சாவியை எடுக்காமல் இறங்காதே. ஒவ்வொரு படத்திலும் ஒரு தலைமயிர் இல்லாத மனிதன் ஓர் உறுப்பை இழக்கிறான். முகத்தில் எந்த வருத்தமும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலான விதி: வெட்டும்போது முந்நூறு அடிக்குள் ஓட்டுபவரைத் தவிர ஒருவரும் நிற்கக்கூடாது. பிளேடில் ஒரு கல் பட்டால் அது வெளியே தோட்டா மாதிரி வரும்.

வெட்ட வேண்டிய இடம் பழைய சந்தைத் திடல். கிழக்கே மெயின் ரோடு, தெற்கே ஏரிக்கரை, மேற்கே அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. சந்தை இடம் மாறிய பிறகு திடல் முழுக்கப் புதர் மண்டிவிட்டது. போன மாதம் வார்டு குளியலறையில் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்ததை ஜெயக்கொடி நர்ஸ் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். மழைக்கு முன்னால் புதரை ஒழிக்க வேண்டும் என்று நான் தொடர்ந்து எழுதியதால்தான் வெட்டுக்கிளி வந்தது. என் மகள் பூங்கோதைக்கு அடுத்த மாதம் அதே வார்டில் தலைப்பிரசவம். அது தற்செயல். இது பொதுநலம்.

செப்டம்பர் 9

வெட்டுவதற்கு முன் திடலை நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. துப்புரவுப் பணியாளர்களோடு கம்பால் தட்டித் தட்டி நடந்தேன். லாரி டயர், உடைந்த ஆட்டுக்கல், முள்கம்பிச் சுருள், எப்போதோ தேர்தலில் தோற்ற ஒருவரின் தகரப் பலகை, ஒரு சைக்கிளின் பின்பாதி கிடைத்தன. முன்பாதியை எவ்வளவு தேடியும் காணவில்லை. அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஓட்டுபவன் சூசைமாணிக்கம், உள்ளூர்க்காரன். இத்தனை வருடமும் மண் அள்ளும் வண்டி ஓட்டியவன். முறுக்கு மீசை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. கூண்டில் ஏறும்போது படியைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு தலைமுடியையும் சரி செய்துகொண்டான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இன்ஜின் சத்தம் கேட்டதும் ஊர் வந்துவிட்டது. ஊரில் இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை இருந்தவர்களும் அதைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். புதரின் ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விசில் ஊதி, இன்ஜினை அணைக்கச் சொல்லி, சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் போனால்தான் வெட்டுவோம் என்றேன். நீங்கள் வெட்டினால்தான் போவோம் என்றார்கள். சாயங்காலம் வரை இரண்டு தரப்பும் காத்திருந்தோம்.

வெட்டியது ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10

எல்லையில் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டினேன். ரிப்பனைப் பார்த்தவர்கள் அமைச்சர் வருகிறார் என்று முடிவு கட்டினார்கள். நேற்றைவிட இரண்டு மடங்கு கூட்டம். பத்து மணிக்குப் பேரூராட்சித் தலைவி பட்டுப்புடவையில் சால்வையோடு வந்து, ஏன் தனக்கு முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார். யாரும் வரவில்லை என்றேன். வராமலா ரிப்பன் கட்டுவார்கள் என்றார். கடைசியில் கொண்டுவந்த சால்வை வீணாகக்கூடாது என்று அதை வெட்டுக்கிளிக்குப் போர்த்திவிட்டுப் போனார். காற்று போகும் துளையை அது மூடிவிட்டது. இன்ஜின் சூடாகிவிடும் என்பதால் இன்றும் ஓட்டவில்லை.

செப்டம்பர் 11

ஒலிபெருக்கியில் கையேட்டை வாசித்தேன். பாதுகாப்பு என்பது பயத்தில் தொடங்குகிறது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆகவே கை துண்டாவது, கால் துண்டாவது, வண்டியின் கைகளை அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள் பாய்வது எல்லாவற்றையும் படத்தைத் தூக்கிக் காட்டி விளக்கினேன். அப்படி ஓர் அமைதி. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், கால் துண்டானால் எவ்வளவு தூரம் போய் விழும் சார் என்று கேட்டார். அது எப்படியும் நூறு அடி போகாது என்று இன்னொருவர் பதில் சொன்னார். அதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் கலைந்து போகவில்லை. சுண்டல் விற்பவர் வந்து சேர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 13

இன்று ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பார்க்கலாம் என்று தொடங்கினோம். சூசையின் சுயரூபம் தெரிந்தது. ஒழுங்காக ஒரு கோடு வெட்டினான். சனங்கள் கைதட்டினார்கள். அவ்வளவுதான், வண்டியை நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினான். அதற்கு மேலும் கைதட்டினார்கள். பிளேடு சுழலச் சுழலப் பெட்டியை அப்படியே மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். கையேட்டில் நான்காம் பக்கத்துப் படம்! நான் விசிலை ஊதிய வேகத்தில் எனக்கே கண் இருட்டியது.

அதற்குள் ஒரு கல் கிளம்பி, ரோட்டோரம் டீக்கடை போட்டிருக்கும் ஹனீபா பாயின் பாய்லரில் போய் அடித்தது. ஓட்டை விழவில்லை, முட்டை அளவு பள்ளம். பாய் அந்த நேரத்தில் குனிந்து சர்க்கரை அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்றிருந்தால் அது அவர் நெற்றி. டீக்கடைக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பள்ளத்தைப் பார்க்கவும் ஒரு கூட்டம் வரிசையில் நின்றது.

சூசையை ஓரமாகக் கூட்டிப்போய் கடுமையாகவே பேசினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சனம் பாக்குது சார். இத்தனை வருசம் குழி தோண்டுனேன், ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்ததில்ல. குழியத்தான் பாத்தாங்க."

செப்டம்பர் 15

எனக்கு ஒரு யோசனை உதித்தது. இதை நான் தற்பெருமைக்காக எழுதவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் மொட்டை மாடி, திடலின் கிழக்கு ஓரத்திலிருந்து கயிறு பிடித்து அளந்ததில் முந்நூறு அடிக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. கைப்பிடிச் சுவரும் உயரம். கூட்டத்தை விரட்ட முடியாது, ஆனால் ஏற்ற முடியும். மாடியில் நின்று பார்க்க அனுமதி உண்டு என்று அறிவித்தேன். எல்லாரும் ஒழுங்காக ஏறிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிவது ரோட்டுப் பக்கம்தான் என்பதால், வேலையையும் ரோட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு கோடாக ஆஸ்பத்திரியை நோக்கிப் போக வேண்டும் என்று உத்தரவிட்டேன். மாடியில் இருப்பவர்களுக்குப் பார்க்கக் கிடைத்துக்கொண்டே இருக்கும், இறங்க மாட்டார்கள். சூசைக்கும் சந்தோஷம்.

இன்று நான்கு நீளக் கோடுகள் வெட்டியாயிற்று. ஒரு கல்லும் பறக்கவில்லை. பாதுகாப்புப் பொறுப்பாளர் கண்காணிக்க வேண்டும் என்பதால் நான் மட்டும் திடலிலேயே, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. கோமளம் பலமுறை போன் செய்தாளாம், காதில் விழவில்லை. கடமை என்று வந்துவிட்டால் அப்படித்தான்.

செப்டம்பர் 17

பராமரிப்பு நாள். பெட்டியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவி என் பையில். அதன் பிறகுதான் யாரும் கிட்டே போகலாம். பிளேடின் அச்சில் கம்பி சுற்றியிருந்தது. இழுத்தால் சைக்கிள் ஹேண்டில்பார். முன்பாதி கிடைத்துவிட்டது.

குழாய் இணைப்பு ஒன்றில் எண்ணெய் கசிகிறது போலிருக்கிறது என்று சூசை விரலை வைத்துத் தடவப் போனான். கையைத் தட்டிவிட்டேன். அட்டையைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், விரலை வைத்தால் எண்ணெய் விரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சுண்டல் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பிடித்தோம். எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. இணைப்பை மாற்றி, கிரீஸ் வைத்து, பிளேடு போல்ட்டுகளை முறுக்கினோம். இதையும் மாடியிலிருந்து பார்த்தார்கள். கிரீஸ் வைத்ததற்குக் கைதட்டல் இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஜெயக்கொடி நர்ஸ் போன் செய்தார். வார்டு தாழ்வாரத்தில் நேற்று ஒன்று, இன்று ஒன்று. இரண்டும் நல்ல பாம்பு இல்லை என்றார். பினாயில் அனுப்பினேன்.

செப்டம்பர் 19

பூங்கோதைக்குக் கால் வீக்கம். ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லி, பிரசவம் வரை வார்டிலேயே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊர் தூரம், பிரசவத்தோடு வருகிறார். கோமளம் பாயும் பிளாஸ்க்குமாகப் போய் வார்டில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே மூன்றடி தள்ளி, புதர்.

இனி இரண்டு வேளையும் ஓட்ட வேண்டும் என்று சூசையிடம் சொல்லியிருக்கிறேன். பொதுநலம் கருதித்தான்.

செப்டம்பர் 22

பாதித் திடல் முடிந்தது. வெட்டிய இடம் பார்க்க அழகு. மாடிக்கு இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மட்டும் நிலைமை மோசம். தாழ்வாரத்தில் மூன்று, மருந்து அறையில் ஒன்று, டாக்டரம்மாவின் செருப்புக்குள் குட்டி ஒன்று. வெட்ட வெட்டப் பாம்பு கூடுகிறது. ஆஸ்பத்திரியில் சோற்றை அங்கங்கே கொட்டுவதால் எலி வருகிறது, எலியால் பாம்பு வருகிறது என்று ஜெயக்கொடி நர்ஸுக்குச் சுகாதார ரீதியில் விளக்கினேன். போனைப் பாதியில் வைத்துவிட்டார். இருக்கும் ஒரே வழி இன்னும் வேகமாக வெட்டுவது.

செப்டம்பர் 24

தூறல். மாடியில் யாரும் இல்லை. சூசை ஓட்டிய ஓட்டைப் பார்த்தால் இவன்தானா அவன் என்றிருந்தது. கோடு கோணல், நடுநடுவே மயிர்க்கற்றை மாதிரி புல் நிற்கிறது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை சார் என்றான். கடைசியில் நானே ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் ஏறி நின்றேன். அதன் பிறகு நேராகப் போயிற்று.

செப்டம்பர் 26

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். பூங்கோதை கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். தொங்கவிடப் பயம். நான்கு கட்டில் கால்களையும் தண்ணீர் டப்பாவில் வைத்திருந்தார்கள். அது எறும்புக்குச் செய்வது. அதை நான் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

கோமளம் வாசல் வரை வந்தாள். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஏங்க, ரோட்டுப் பக்கத்துலேருந்து இப்படியே வெட்டிக்கிட்டு வந்தா, உள்ள கெடக்குறதுங்க எங்கங்க போகும்?"

கோமளத்துக்கு இயந்திர விஷயம் தெரியாது.

செப்டம்பர் 27

இன்று வேலை இல்லை. யோசிக்கிறேன்.

செப்டம்பர் 28

யோசித்தேன். அவள் சொன்னது சரி. நான்கு ஏக்கரில் பரவிக் கிடந்தவை அத்தனையையும் ஒவ்வொரு கோடாக ஓட்டிக்கொண்டு போய் என் மகளின் ஜன்னலுக்கடியில் சேர்த்து வைத்திருக்கிறேன். மேய்ப்பவன்கூட இவ்வளவு ஒழுங்காக மந்தையைச் சேர்த்திருக்க மாட்டான்.

செப்டம்பர் 30

மிச்சம் இருப்பது வார்டுச் சுவரை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு பட்டை மட்டும். காலையில் நானும் சூசையும் கிட்டே போய் நின்றோம். காற்றே இல்லை. புதர் அசைந்துகொண்டிருந்தது. சூசை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். இதில் வண்டியை விட்டால் எல்லாம் ஜன்னல் வழியாகத்தான் சார் போகும் என்றான். ஓட்ட மாட்டேன் என்றும் சொன்னான். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன்.

பாம்பு பிடிப்பவரை வரவழைத்தேன். சாக்கும் கொக்கிக் கம்புமாக வந்தார். சுவரோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பாம்புன்னா புடிப்பேன் சார். இது ஊரு."

வேறு ஆஸ்பத்திரிக்குப் பூங்கோதையைக் கொண்டுபோகலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இந்த அழுத்தத்தோடு ஐம்பது கிலோமீட்டர் குலுங்கவிட முடியாது என்றார். வார்டில் அவளோடு இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். அவர்களைப் பற்றி நான் இதுவரை நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 2

முடிவு செய்தாயிற்று. இந்த முறை திசையை மாற்றுகிறோம். வெட்டுக்கிளி வடக்கு முனையில், சுவருக்கும் புதருக்கும் நடுவில் நுழைந்து, சுவரை ஒட்டியே தெற்கே போகும். அவையெல்லாம் ஏரிக்கரைப் பக்கம் போய்விடும். அங்கே வீடு கிடையாது. ஆனால் ஜன்னலிலிருந்து கையெட்டும் தூரத்தில் பிளேடு சுழலும். ஆகவே வார்டில் ஓர் ஆள் இருக்கக்கூடாது. வார்டையே காலி செய்ய வேண்டும்.

எங்கே கொண்டுபோவது? முந்நூறு அடிக்கு அப்பால், கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஒரே இடம் அந்தக் கல்யாண மண்டபம். நாளை அங்கே ஒரு காதுகுத்து. காதுகுத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். இலை போடும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, மற்றபடி வரட்டும், ஏழு கர்ப்பிணிகள் வந்தால் குழந்தைக்கு நல்லதுதானே என்றார்.

அக்டோபர் 3

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒலிபெருக்கியில் சொன்னேன். கட்டில் தூக்க ஆள் வேண்டும். ஒரு மாதமாக எதற்கும் அசையாத கூட்டம், பாதி வாசிப்பதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டது. ஏழு கட்டில்களையும் கர்ப்பிணிகளோடு அப்படியே தூக்கினார்கள். கட்டில் கால்களிலிருந்த தண்ணீர் டப்பாக்களையும் யாரோ பத்திரமாக எடுத்து வந்தார்கள். மண்டபத்து வாசலில் நின்ற பேண்டு செட்டுக்காரர்கள் ஊர்வலம் ஏதோ வருகிறது என்று வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜெயக்கொடி நர்ஸ் ஒரு கையில் ரத்த அழுத்தக் கருவியும் மறு கையில் யாரோ கொடுத்த சந்தனக் கிண்ணமுமாக நடந்தார். பூங்கோதைக்கு மணமகள் அறை கிடைத்தது. சுவர் முழுக்கக் கண்ணாடியும் சுற்றிலும் பல்பும் இருக்கும் அறை. டாக்டரம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் வார்டைவிட நன்றாக இருக்கிறது என்றார்.

திடலுக்கு வந்தேன். சுவரோரம் கல் கம்பி பார்க்க உள்ளே இறங்கி நடக்க முடியாது என்பதால், வார்டின் ஜன்னல் கதவுகளை எல்லாம் மூடி, வெளியே பழைய கதவுகளைச் சாய்த்து வைத்தோம். பெட்டிக்கு முன்னால் தொங்கும் சங்கிலித் திரையில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை என்று குனிந்து பார்த்தேன். சூசையின் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தேன். கூண்டுக் கதவைப் பூட்டச் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் மீசையை முறுக்கி விட்டிருந்தான். மாடி நிரம்பி வழிந்தது. இந்த ஊர் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்க்கப் போகிறது. ஒரு மாதமாக இதற்காகவே வெயிலில் நின்ற எனக்கும், உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்க வேண்டும். பயம் பாதி, ஆசை பாதி.

சூசை இன்ஜினைப் போட்டான். அந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கோமளம். வலி எடுத்துவிட்டது, குலுக்கலோ என்னவோ, சீக்கிரமாகவே எடுத்துவிட்டது என்றாள். அழுத்தம் ஏறியிருக்கிறதாம். அவள் குரல் அவள் குரலாக இல்லை.

கொடியையும் விசிலையும் யாரிடமாவது கொடுக்க வேண்டும். ஹனீபா பாயைக் கூப்பிட்டேன். ஒரு கல் என்ன செய்யும் என்று இந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். யார் இறங்கி வந்தாலும் ஊதுங்கள், சூசை நின்றுவிடுவான் என்றேன். பாய் கேட்டார், ஏன், நீங்க பாக்கலியா சார் என்று. நான் நடந்துகொண்டிருந்தேன்.

மணமகள் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டாக்டரம்மாவும் நர்ஸும். வெளியே கோமளமும் நானும். இடைகழியின் கோடியில் ஒரு ஜன்னல். அதிலிருந்து திடல் முழுக்கத் தெரியும், எனக்கே தெரியும், அளக்க வந்தபோது அங்கே நின்று பார்த்திருக்கிறேன். இன்ஜின் சத்தம் மாறியது. பிளேடைச் சுற்றவிட்டுவிட்டான். மாடியிலிருந்து பெரிய ஆரவாரம் எழுந்தது. உள்ளே பூங்கோதை அலறினாள். அப்படி ஓர் அலறலை அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் நான் கேட்டதில்லை.

"இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் கோமளம். கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தெரியும் அவளுக்கு.

அப்போது உள்ளேயிருந்து பூங்கோதையின் குரல் வந்தது. "அம்மா, அப்பா இருக்காரா?"

"இருக்கேம்மா" என்றேன்.

அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கதவில் பித்தளையில் ஒரு மயில் அடித்திருந்தார்கள். அதன் தோகையில் ஒரு கண் பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே ஆரவாரம் கூச்சலாயிற்று, கூச்சல் ஓட்டமாயிற்று, விசில் விடாமல் கேட்டது, பிறகு இன்ஜின் மட்டும் கேட்டது. அது தெற்கே போய்த் திரும்பி வந்து மறுபடி போயிற்று. எப்போது நின்றதென்று தெரியவில்லை. இன்ஜின் நின்ற பிறகுதான் குழந்தையின் அழுகை கேட்டதா, அதற்கு முன்பே கேட்டதா என்றும் தெரியவில்லை. டாக்டரம்மா கதவைத் திறந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். சுவரில் சாய்ந்து அழுதேன். மேலங்கியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

அக்டோபர் 4

நேற்று நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாடியில் இருந்தவர்களுக்குச் சுவரோரம் சரியாகத் தெரியவில்லையாம். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பாதிப் பேர் பின்படி வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு போய், ஏரிக்கரையில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். எந்தக் கரைக்குப் பாம்பெல்லாம் வரப்போகிறது என்று நான் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தேனோ, அதே கரையில். பாம்புகள் வந்திருக்கின்றன. அதன் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. பாதிப் பேர் ஏரியில் குதித்திருக்கிறார்கள், இடுப்பளவு தண்ணீர்தான். அந்தக் கூச்சலைக் கேட்டு, மாடியில் மிச்சம் இருந்தவர்கள் பாம்பு படியேறி வருகிறது என்று நினைத்து, பந்திக்குள் புகுந்து இலைகளை மிதித்திருக்கிறார்கள். ஹனீபா பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசிலை ஊதியபடியே நின்றிருக்கிறார். இன்ஜின் சத்தத்தில் அது சூசையின் காதில் விழவே இல்லை. வரப்பில் விழுந்து ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. வேறு காயம் இல்லை. பாம்புகள் ஏரிக்கரைத் தாழம்புதருக்குள் போய்விட்டன.

ஆக, அந்தக் கடைசிப் பட்டையைச் சூசை எப்படி வெட்டினான் என்பதை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை.

மத்தியானம் சூசை சாவியைக் கொடுக்க வந்தான். வண்டி நாளை அடுத்த ஊருக்குப் போகிறது, அவனும் கூடவே போகிறான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றான்.

"கூண்டுக்குள்ள உக்காந்திருந்தா எனக்குத் தெரியாது சார். வெளியேருந்து பாத்தா எப்படி இருந்துச்சு? எல்லாரும் ஓடிட்டாங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்றேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, கடைசி வரை அது கூடவுமில்லை குறையவுமில்லை என்றேன். ஒரு தடவைகூடப் பெட்டியைத் தூக்கவில்லை என்றேன். ஒரு நாகம் படமெடுத்து நின்றதையும், அது நகரும் வரை அவன் பிளேடை நிறுத்திக் காத்திருந்ததையும், அது போன பிறகு மறுபடி தொடங்கியதையும் சொன்னேன். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சூசை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நாகம் நின்னுச்சு சார், நெசந்தான் என்றான். அதற்குள் சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டார்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

சூசை போன பிறகு சந்தைத் திடலுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரோரம் மழித்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

அக்டோபர் 6

வார்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நாளாக ஒரு பாம்பும் இல்லை. பூங்கோதை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மாப்பிள்ளை வந்துவிட்டார். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஊரிலேயே அதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தானே. இன்று காலை மட்டும் நான்கு தடவை சொன்னேன். நாகம் கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் போனார்கள். கோமளம் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். பூங்கோதை என்னைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெசமாவே நீங்க பாக்கவே இல்லையாப்பா?"

"இல்லம்மா."

"ஜன்னல் வழியாக்கூட?"

"ஜன்னல் இருந்துச்சு."

பூங்கோதை தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தாள். கையை நீட்டுங்க என்றாள். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை, முழங்கையை மடக்கச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தையை அதில் வைத்தாள். அது கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை மட்டும் எதையோ சப்புவது போல் அசைத்தது. நெற்றியில் மஞ்சளாகப் பூனைமுடி.

பார்த்துக்கொண்டிருந்தேன். கோமளம் வெந்நீரோடு வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.